வெக்கை இல்லாத நெருப்பு

போன கிழமை, வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் விற்க ஓர் இளைஞன் வந்தான். சுவர்களை அளந்துவிட்டு, எந்த அறையில் யார் படுப்பது என்று கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான். தொண்ணூறுகளில், ஊரைவிட்டு இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து மவுண்ட் ரோஸ்கில்லில் குடியேறிய எங்கள் ஆட்கள் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. ஆட்கள் வந்தால் ஹோலில் எங்கே இருப்பார்கள் என்பதுதான் அன்றைய கேள்வி.

அந்த வாடகை வீடுகளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பலகைச் சுவர், அலுமாரிக்குள் பூஞ்சண மணம், காலையில் ஜன்னலின் உட்பக்கம் வழியும் தண்ணீர். சேலைக்கு மேல் கணவரின் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு, பழைய துவாயால் அதைத் துடைத்துப் பிழிவதோடு என் நாள் தொடங்கும். அந்தக் கோலத்தை ஒருவரும் படம் எடுக்கவில்லை, நல்ல காலம்.

பின்னறையில் படுத்த மகளுக்கு ஆறு வயது. குளிர் தொடங்கினால் முட்டு இழுக்கும், மூச்சுவிடத் திணறுவாள். அவள் அறைக்குச் சக்கரம் பூட்டிய ஓர் எண்ணெய் ஹீட்டர் வேண்டும் என்று கேட்டேன். பார்க்க அசிங்கமான சாமான், ஆனால் சுடும்.

கணவர் அதை மாதா கோயிலில் போய் விசாரித்தார். பூசை முடிந்து தேத்தண்ணிக் கோப்பையோடு நிற்கிற ஆண்களுக்குத் தெரியாதது உலகத்தில் எதுவும் இல்லை. மன்னார் வெயிலில் வளர்ந்த ஒருவர் குளிரைப் பற்றி வகுப்பே எடுத்தார்.

"எண்ணெய் ஹீட்டர் கரண்டைக் குடிக்கும் தம்பி. ஹோலுக்கு நல்லதா ஒண்டைப் போடும், வீடு முழுக்கச் சூடாகும்."

மே மாதச் செபமாலை வீடு வீடாகச் சுற்றி எங்கள் வீட்டுக்கு வர இருந்தது. ஊரில் மே மாதம் விசிறி கேட்கும். இங்கே அப்போதுதான் குளிர் தொடங்கி, பல் கிட்டும். கணவர் மவுண்ட் வெல்லிங்டன் கடையிலிருந்து ஒரு மின்சாரக் கணப்பைத் தூக்கி வந்தார். பிளாஸ்டிக் விறகு, அதற்குப் பின்னால் சுழலும் சிவப்பு வெளிச்சம். அடியில் பெயருக்கு ஒரு காற்றாடி. முன்னால் குந்தியிருந்தால் முழங்கால் மட்டும் இளஞ்சூடாகும்.

"வடிவா இருக்கெல்லே?"

"பிள்ளையின்ர அறைக்கு?"

"கதவைத் திறந்து விடும். சூடு அங்கால போகும்."

திறந்துவிட்டேன். ஒரு சூடும் போகவில்லை. மகளுக்கு முட்டு கூடி, பள்ளிக்கூடம் நின்றது. இரவில் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடப்பேன். நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கும். செபமாலை அன்று பின்னேரம் அவள் மெத்தையை இழுத்து வந்து ஹோலின் நடுவில் போட்டேன். கணவர் பதறினார்.

"ஆக்கள் வருகினம். என்ன நினைப்பினம்?"

"பிள்ளைக்கு முட்டு எண்டு நினைப்பினம்."

வந்தார்கள். மெத்தையைச் சுற்றி முழந்தாளிட்டார்கள். செபம் முடிந்ததும் மன்னார்க்காரர் பிளாஸ்டிக் விறகைப் பார்த்துத் தலையாட்டினார்.

"ஆ, இப்பதான் வீடு. நல்ல சூடு."

மேலங்கியை அவர் கழற்றவே இல்லை. மெத்தையிலிருந்து மகள் மூச்சு வாங்கச் சொன்னாள்:

"அங்கிள், இட்ஸ் நொட் ஹொட். இட்ஸ் ஜஸ்ட் எ லைட்."

கணவர் குனிந்து, போர்வைக்குள் கையை விட்டு அவள் பாதங்களைத் தொட்டுப் பார்த்தார். முகம் கறுத்துப்போயிற்று. அடுத்த நாள் வேலைக்குப் போகாமல் ஒடாஹுஹுவில் கடை கடையாக ஏறி எண்ணெய் ஹீட்டரைக் கொண்டுவந்து பின்னறையில் தானே வைத்தார். முட்டு மெல்லத் தணிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு குளிருக்கும் அந்தப் பிளாஸ்டிக் விறகைச் சொல்லி நான் வாய்க்கு வந்தபடி பேசுவேன். அவர் ஒரு சொல் திருப்பிச் சொன்னதில்லை.

அந்த வீட்டை இடித்து, மாடி வீடுகளை நெருக்கிக் கட்டிவிட்டார்கள். செபமாலை இப்போது கைபேசித் திரையில் நடக்கிறது. மன்னார்க்காரர் சிட்னிக்குப் போய்விட்டார். அங்கே வெயிலைப் பற்றி வகுப்பு எடுக்கிறாராம். மகள் வந்தால், புழுங்குகிறது என்று ஜன்னல்களைத் திறந்துவிடுகிறாள். குளிர் தொடங்கினால் அந்த நெருப்பை நினைத்து எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. திட்டு வாங்கத்தான் என் கணவர் இல்லை.