கோட்டுக்கு வெளியே இரண்டு அங்குலம்

என் வீட்டுக்காரர் பக்கிரிசாமி தோற்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர் என்று மாரியாயி அக்கா கேலி செய்வார். அதில் பாதி உண்மை. கிள்ளானில் ஒரு டென்னிஸ் கிளப்பில் அவர் கோச். மாலையில் வக்கீல்களும் டாக்டர்களும் வேலை முடிந்து வருவார்கள். அவர்களோடு ஆட வேண்டும், வியர்க்கும்வரை ஓட வைக்க வேண்டும், கடைசியில் அவர்கள் ஒரு கேமாவது ஜெயித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே குளிக்கப் போக வேண்டும். இதை அவர் அழகாகச் செய்வார். விட்டுக்கொடுத்தது யாருக்கும் தெரியாது. கேன்டீன் ஜன்னலில் நின்று தேநீர் ஆற்றும் எனக்குத் தெரியும். விட்டுக்கொடுக்கும் பந்துக்கு ஓடும்போது அவருடைய இடது குதிகால் தரையை விட்டு எழும்பாது.

நிஜமான போட்டி என்றால் கதை வேறு. அங்கே அவருக்குத் தோற்கவே பிடிக்காது.

காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். மேனேஜர் பங்களாவில் ஒரு கோர்ட் இருந்தது. அதைச் சமப்படுத்த உருளை இழுக்கும் வேலைக்குப் போய், ஆள் குறையும் நாட்களில் மட்டையைப் பிடித்து, பதினேழு வயதில் அந்த மேனேஜரையே தோற்கடித்தார். எழுபதுகளில், எங்களுக்குக் கல்யாணமான புதிதில், பரிசுப் பணம் தரும் போட்டிகளுக்கு ஈப்போ, சிங்கப்பூர், ஒருமுறை பாங்காக்வரை போனார். முதல் சுற்றிலோ இரண்டாம் சுற்றிலோ தோற்றுத் திரும்புவார். காற்று அடித்தது, பந்து பழசு, இரவு சாப்பிட்ட மீன் சரியில்லை என்று ஏதாவது ஒன்று இருக்கும். பிறகு இரண்டு நாள் பேச்சே இருக்காது. சோற்றுத் தட்டை எதிரில் வைத்துவிட்டு நான் தள்ளிப் போய்விடுவேன்.

அவரை மாற்றியது ஒரு போட்டோ. சிங்கப்பூரில் ஒரு பையனிடம் தோற்றுவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் கையைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். காற்றுதான் காரணம் என்று என்னிடம் சொன்னார். நாலு நாள் கழித்து, யாரோ கொண்டுவந்த பேப்பரில் அந்தக் கைகுலுக்கல் படம் வந்திருந்தது. எதிராளியின் வலது காலுறை முழுக்கக் கறுத்திருந்தது. ரத்தம். இவர் படத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“இந்தக் காலோட மூணு செட்டு ஆடியிருக்கான்,” என்றார். “நான் காத்து அடிச்சுதுன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்.”

அந்தப் பேப்பரை மடித்து வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வலி குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். தோற்ற அன்றைக்கு இப்போதும் ஷூ லேஸை அவிழ்க்கக் கால் மணி நேரம் ஆகும். ஆனால் காரணம் சொல்வது நின்றுவிட்டது. கேன்டீனிலும் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். போட்டியில் தோற்றவர், தன்னை ஜெயித்தவரின் ஒரு நல்ல அடியைப் பெயர் சொல்லிப் பாராட்ட வேண்டும். சொல்லும்வரை அவருக்குத் தேநீர் ஊற்றக் கூடாது. விளையாட்டாக ஆரம்பித்தது, ஒரு வருஷத்தில் சட்டமாகிவிட்டது. கிளப் செயலாளர் சோலையப்பன் சாருக்குத்தான் இது பெரிய சங்கடம்.

“அவரு இன்னிக்கு நல்ல அதிர்ஷ்டக்காரரு,” என்பார்.

“அதிர்ஷ்டத்துக்கெல்லாம் தேத்தண்ணி கிடையாது சார். ஷாட்ட சொல்லுங்க,” என்பார் மாரியாயி அக்கா. கேன்டீன் அவர் பொறுப்பு, நான் அவருக்கு உதவி.

“சரிலா. அந்த லாப். என் தலைக்கு மேல போச்சே, அது.”

“உங்க தலைக்கு மேல எது போனாலும் நல்ல லாப்தான் சார்.”

எண்பத்தைந்தில் ஒரு கெட்ட காரியம் நடந்தது. வெளியூர் கிளப் ஒன்று எங்களிடம் தோற்றுவிட்டுப் போய்க் கடிதம் எழுதியது. கோட்டை நேராகப் போடவில்லை, சொந்தக் கோர்ட்டில் கோச் தனக்கு வேண்டிய மாதிரி கோடு போட்டுக்கொள்கிறார் என்று. எங்களுடையது செம்மண் கோர்ட். மழை பெய்தால் சுண்ணாம்புக் கோடு கரைந்துவிடும். மூலைக்கு மூலை ஆணி அடித்திருக்கும். ஆணிக்கு ஆணி கயிறு கட்டி, அவர்தான் திரும்ப வரைவார். அந்தக் கடிதத்தில் உண்மை இல்லை. இருந்தாலும் கமிட்டி அவரைக் கூப்பிட்டு எச்சரித்தது. இன்னொரு கடிதம் வந்தால் அடுத்த வருஷ ஒப்பந்தம் கிடையாது. ஒப்பந்தம் இல்லையென்றால் கோர்ட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் இரண்டு அறை வீடும் இல்லை. பெண்கள் இரண்டு பேரும் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வருஷம் ஜூன் மாதம், பிரிக்பீல்ட்ஸ் கிளப் எங்களோடு வருடாந்தரப் போட்டிக்கு வந்தது. அவர்கள் தலைவர் தியாகராஜன், ரயில்வேயில் அதிகாரி, கறாரானவர். போன வருஷக் கடிதம் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கடைசி ஆட்டம் கோச்சுக்கு கோச். அவர்கள் பக்கம் வாசு என்ற இருபத்திரண்டு வயதுப் பையன். ஜகார்த்தா, மணிலா என்று பணப் போட்டிகளில் ஆடிவிட்டு வந்தவன். என் வீட்டுக்காரருக்கு நாற்பத்திரண்டு.

முந்தின நாள் நல்ல மழை. காலை ஆறரை மணிக்குக் கோடு போட ஆரம்பித்தோம். ஒரு முனையில் அவர், மறு முனையில் கயிறோடு நான். எப்போதும் அப்படித்தான். அவர் தன் பக்கமிருந்து தீட்டிக்கொண்டே வருவார், என் பக்கத்து ஆணியை யாரும் போய்ப் பார்ப்பதில்லை. கேன்டீன் பக்க மூலையில் பழைய ஆணி மழையில் நகர்ந்துவிட்டது என்று, நாலு நாளைக்கு முன்னால்தான் சரியான இடத்தில் புது ஆணி அடித்திருந்தார். பழையதை அப்புறம் பிடுங்கலாம் என்று விட்டுவிட்டார். நான் ஈர மண்ணை விரலால் தோண்டினேன். ஓர் ஆணி தட்டுப்பட்டது. கயிற்றை மாட்டினேன்.

மாலை நாலரைக்கு ஆட்டம் தொடங்கியது. எண்பது பேருக்குக் குறையாது. பள்ளி ஆசிரியர் ராதாகிருஷ்ணன் உயர நாற்காலியில் நடுவராக உட்கார்ந்தார்.

முதல் செட் வாசு, ஆறு–நாலு. இரண்டாவது செட்டை இவர் ஏழு–ஐந்தில் எடுத்தார். அந்தச் செட்டில் வாசு அடித்த மூன்று பந்துகள் கேன்டீன் பக்க மூலையில் கோட்டை ஒட்டி விழுந்தன. ராதாகிருஷ்ணன் சார் ஒவ்வொரு தடவையும் இறங்கி வந்து மண்ணில் பதிந்த தடத்தைப் பார்த்தார். மூன்றும் வெளியே. வாசு மூன்றாவது தடவை இடுப்பில் கை வைத்துத் தடத்தையே பார்த்தான். பிறகு திரும்பிப் போனான்.

மூன்றாவது செட்டில் நாலு–நாலு. இவர் கேன்டீன் பக்கம் ஆடிக்கொண்டிருந்தார். ஓரத்துப் பந்துக்கு ஓடிச் சறுக்கியதில் ஷூ மண்ணை வாரிக்கொண்டு போனது. அந்த இடத்தில் ஏதோ மின்னியது. சட்டைப் பொத்தான் அளவு. துருப்பிடிக்காத ஆணித் தலை. அது சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே இரண்டு அங்குலம் தள்ளி இருந்தது.

என் கையில் இருந்த குவளையைக் கீழே வைத்தேன். காலையில் நான் கயிறு மாட்டியது பழைய ஆணியில். அந்த மூலையில் கோர்ட் இரண்டு அங்குலம் குறுகிவிட்டது.

“என்னடி, முகம் வெளுத்துப் போச்சு? உன் ஆளு நல்லாத்தானே ஆடுறாரு,” என்றார் மாரியாயி அக்கா.

எண்பது பேருக்கு நடுவில் இறங்கிப் போய் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அந்த கேமை வாசு எடுத்தான். ஐந்து–நாலு. பக்கம் மாறினார்கள். இப்போது வாசு அந்த மூலைக்கு வந்தான். ஆணி அவன் காலுக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. அவன் கீழே பார்க்கவில்லை. பந்தைத் தட்டித் தட்டி, வலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இவர் ஜெயித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். ஜெயித்த பிறகு யாராவது ஒருவர் கண்ணில் அந்த ஆணி பட்டால் போதும். நான் மாட்டிய கயிறு என்று யார் நம்புவார்கள்? கல்யாணமான பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக, அவர் தோற்கட்டும் என்று நினைத்தேன்.

தோற்றார். கடைசிப் பந்தை ஓரமாக, பலமாக, அவர் வாழ்க்கையில் அடித்த நல்ல அடிகளில் ஒன்றாக அடித்தார். வாசுவால் தொட முடியவில்லை. கூட்டம் கை தட்டியது. ராதாகிருஷ்ணன் சார் இறங்கி வந்து குனிந்து பார்த்து, கையை வெளியே நீட்டினார். அவுட். தடம் கோட்டுக்கும் ஆணிக்கும் நடுவில் இருந்தது. ஆணி மேல் மறுபடி மண் விழுந்திருந்தது.

இவர் வலைக்குப் போய் வாசுவின் முகத்தைப் பார்த்துக் கை கொடுத்தார். பிறகு கேன்டீனுக்குப் பின்னால் இருந்த குழாய்க்கு வந்து தலையை நீட்டினார். நான் போனேன்.

“ஏங்க. கயித்த நான் பழைய ஆணியில மாட்டிட்டேன். புது ஆணி வெளிய இருக்கு. உங்க கடைசிப் பந்து உள்ள.”

குழாயை மூடினார். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

“எப்ப பாத்த?”

“நாலு–நாலுல.”

“சொல்லியிருக்கலாம்ல.”

“அத்தன பேரு இருந்தாங்க.”

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் முகம் எப்படி இருந்தது என்று எழுத எனக்கு மனமில்லை. பிறகு நிமிர்ந்தார்.

“ரெண்டாவது செட்டுல அந்த மூலையில அவன் பந்து மூணு அவுட்டு குடுத்தாங்களே. நீ இங்கேருந்துதானே பாத்த. எவ்ளோ வெளிய?”

“ரெண்டு, கோட்ட ஒட்டி. மூணாவது அதவிடத் தள்ளி, நாலு இஞ்சு இருக்கும்.”

“அப்ப ரெண்டு உள்ள. அதுல ஒண்ணு அவனுக்கு செட் பாயின்ட்டு, உள்ளன்னு குடுத்திருந்தா செட்டே முடிஞ்சிருக்கும்.” விரலை மடக்கி எண்ணினார். “அந்த செட்டே என்னோடது இல்ல சீதா. அவன் ரெண்டு செட்டுல ஜெயிச்சிருக்கணும். போய் சொல்லிடுறேன்.”

“வேணாங்க. ஏற்கெனவே ஒரு லெட்டரு வந்திருக்கு. வீட்ட நினைச்சுப் பாருங்க.”

“சொல்லலன்னா, கெழவன்கிட்ட மூணு செட்டு மூச்சு வாங்கித்தான் ஜெயிச்சான்னு அவனச் சொல்வாங்க. அது பொய்யி.”

துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டு கேன்டீனுக்குள் போனார். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

எல்லாரும் காத்திருந்தார்கள். மாரியாயி அக்கா கெண்டியைத் தூக்கிப் பிடித்தார். “ம், சொல்லுங்க கோச்.”

“வாசுவோட டிராப் ஷாட்டு,” என்றார். “கடைசி நிமிஷம் வரைக்கும் ஓங்கி அடிக்கிற மாதிரியே தோள் இருக்கு, பந்து மட்டும் வலைக்குப் பக்கத்துல பொத்துன்னு விழுது. நான் ஆறு தடவ ஏமாந்தேன். ஆறாவது தடவ தெரிஞ்சே ஏமாந்தேன்.” கூட்டம் சிரித்தது. “இன்னொண்ணும் இருக்கு. கேன்டீன் மூலையில கோடு தப்பு. ரெண்டு இஞ்சு உள்ள போட்டிருக்கோம். என் வேலை, என் தப்பு. வாசுவோட ரெண்டு நல்ல பந்து அதுல போச்சு. ரெண்டாவது செட்டும் அவருதுதான்.”

சோலையப்பன் சார் முகம் போன போக்கைப் பார்த்து நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். தியாகராஜன் சார் எழுந்தார். “டேப் இருக்கா?”

எல்லாரும் கோர்ட்டுக்குப் போனார்கள். மண்ணைத் துடைத்தார்கள். இரண்டு ஆணி. நடுவில் சரியாக இரண்டு அங்குலம். தியாகராஜன் சார் குனிந்து, இவருடைய கடைசிப் பந்தின் தடத்தையும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“உங்க பந்தும் உள்ளதானே விழுந்திருக்கு, மிஸ்டர் பக்கிரிசாமி. அத ஏன் சொல்லல?”

“ஒண்ணுக்கு ரெண்டு அவரு இழந்திருக்காரு சார். என்னோடத என்னன்னு சொல்றது?”

தியாகராஜன் சார் டேப்பைச் சுருட்டினார். “ஒண்ணு சொல்லட்டுமா. நீங்க ஜெயிச்சு, நான் இந்த ஆணியப் பாத்திருந்தேன்னா, பஸ் ஏறுறதுக்கு முன்ன லெட்டர் எழுதியிருப்பேன். தோத்தவரே வந்து கோடு தப்புன்னா, யார் மேல எழுதுறதுலா?”

வாசு சிரித்துவிட்டான். “அதுல ரெண்டு பந்து உள்ளன்னு எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் அண்ணே. உங்க இடமாச்சேன்னு வாய மூடிக்கிட்டேன். அந்தக் கடைசி அடிய நான் பாக்கக்கூட இல்ல, சத்தம்தான் கேட்டுச்சு.”

சோலையப்பன் சார் தொண்டையைச் செருமினார். “அப்படின்னா நாங்க மதியம் டபிள்ஸ் தோத்ததும் இந்தக் கோட்டாலதான் இருக்கணும்.”

“டபிள்ஸுக்கு இந்த மூலை கணக்கே இல்ல சார்,” என்றார் ராதாகிருஷ்ணன் சார். “அதுக்கு வெளிக்கோடுதான்.”

தியாகராஜன் சாரே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும்தான் நான் குவளைகளைக் கழுவப் போனேன்.

பிரிக்பீல்ட்ஸ்காரர்கள் பஸ் ஏறிய பிறகு சோலையப்பன் சார் எங்கள் வீட்டு வாசல்வரை வந்தார். உள்ளே வரவில்லை. “திங்கக்கெழம ஆபீஸுக்கு வாங்க, ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டுடலாம். கோடு போட்டதும் ரெண்டு முனையையும் நீங்களே ஒரு தடவ நடந்து பாத்துடுங்க,” என்றார். பிறகு என் பக்கம் கண்ணைக் காட்டி, அவரிடம், “அம்மாவக் கோவிச்சுக்காதீங்க. யாருக்கும் நடக்கிறதுதான்,” என்றார். கயிறு பிடித்தது நான் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. என் முகமே சொல்லியிருக்கும்.

காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. பழைய சோற்றைப் பிசைந்து, நின்றபடியே நாலு வாய் சாப்பிட்டேன். இவர் படிக்கட்டில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரத்துக்கு மேலேயே ஆனது.

“உள்ளதானே விழுந்துச்சு?” என்றார், என்னைப் பார்க்காமல்.

“உள்ளதான்.”

“எவ்ளோ உள்ள?”

“ஒரு விரல்.”

“ம்,” என்றார். அடுத்த ஷூவுக்குக் கையைக் கொண்டுபோனார்.