என்னை டீ குடிக்க அனுப்பினார்கள்

ப்ளஸ் டூ முடித்த மகளோடு மூன்று கல்லூரி ஏறி இறங்கி ஓய்ந்துவிட்டேன். எல்லா இடத்திலும் என்னிடம்தான் பேசினார்கள். நாலாவது, ஒரு சின்னப் பல்கலைக்கழகம். பசுவந்தனையிலிருந்து கோவில்பட்டி போய் இன்னொரு பஸ் ஏறினோம். வகுப்புக்குக் கொஞ்சம் பேர்தானாம். முதல் வருடம் எல்லாப் பாடமும் படித்துப் பார்த்துவிட்டுப் பிடித்ததை எடுக்கலாமாம்.

"உனக்கு என்னம்மா தெரிஞ்சுக்க ஆசை?" என்று மகளிடம் கேட்டார் அங்கே அட்மிஷன் பார்த்த பேராசிரியை.

"அவ பி.காமே படிக்கட்டும் மேடம். பேங்க் வேலைக்கு ஆவும்லா?" என்றேன் நான். அடுத்த கேள்விக்கும் நானே முந்தினேன்.

"அக்கா, வெயில்ல வந்திருக்கீங்க. கேன்டீன்ல டீ குடிச்சிட்டு வாங்க," என்றார் அவர்.

திரும்பி வந்தபோது வாசலிலேயே மகளின் குரல் கேட்டது.

"மழைய நம்பி ஏமாந்தும் எங்க ஊர்ல ஏன் திரும்பத் திரும்ப வெதைக்காவன்னு தெரியணும் மேடம்."

வீட்டில் அவள் இவ்வளவு பேசியதே இல்லை. உள்ளேயே உட்கார்ந்திருந்தால் அவளை பி.காமில் தள்ளியிருப்பேன். அங்கேயே சேர்த்துவிட்டேன்.

இப்போது யாராவது அவளிடம் ஏதாவது கேட்டால் நான் வாய் திறப்பதில்லை. அவளோ யோசித்து யோசித்துத்தான் பதில் சொல்கிறாள். அதுவரை சும்மா இருப்பது, தீப்பெட்டி ஆபீசில் நாள் முழுக்கக் குச்சி அடுக்குவதைவிட அசதியாக இருக்கிறது.