வேடசந்தூர் மில்லும் என் ஐந்து நம்பர்களும்

போன மாதம் இரண்டாம் சனிக்கிழமை, கல்லூரி விடுமுறை நாளில், வேடசந்தூர் போய்வந்தேன். கோயிலுக்கோ அணைக்கோ இல்லை, ஒரு நூல் மில்லுக்கு. திண்டுக்கல்லில் இருந்து பஸ்ஸிலேயே போய்ப் பொழுது சாயத் திரும்பக்கூடிய இடங்களைத்தான் இங்கே எழுதுவது வழக்கம். இதை எழுதுவதா வேண்டாமா என்று மூன்று வாரம் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இதைப் படிப்பவர்களில் கல்லூரி ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். பிள்ளைகளுக்கு வேலை கேட்டு நீங்களும் ஒருநாள் இதே ரோட்டில் போவீர்கள். அதனால் வெட்கத்தைத் தூரப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

நான் பதினாறு வருடமாக ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் நூற்புப் பாடம் எடுக்கிறேன். என்னிடம் படித்த நாகலட்சுமி சாணார்பட்டிப் பக்கம். அப்பா பூ விவசாயம். டிப்ளமோ முடித்து இந்த மில்லின் தரம் பார்க்கும் லேபில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தங்கல் மில் ஹாஸ்டலில். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்கள். வியாழக்கிழமை போன் செய்தாள்.

"மேடம், என்னைய வேலைய விட்டு நிறுத்தப் போறாக. செத்த வந்து பேசுங்க மேடம். நீங்க சொன்னா கேப்பாக."

வேலை போனால் என்ன ஆகும் என்பதையும் அவளே சொன்னாள். வேலையில் இருக்கும்வரை கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை என்று அவள் அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை வீடு தயாராக இருந்தது. வேலை நின்ற மறுநாள் பெண் பார்க்க வந்துவிடுவார்கள். அவளுக்கு இருபது வயது.

காலை எட்டேகாலுக்கு திண்டுக்கல் பஸ் நிலையத்தில் கரூர் பஸ் ஏறினேன். டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். டவுன் பஸ் என்றால் பெண்களுக்கு இலவசம்தான், ஆனால் ஊர் ஊராக நின்று போகும், நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. இருபத்திரண்டு கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். வழியெல்லாம் மில் பஸ்கள் எதிரே வந்தன. இரவு ஷிப்ட் முடிந்த பெண்கள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு போனார்கள். எனக்கோ உள்ளுக்குள் ஒரு பெருமிதம். என் மாணவிக்காக நான் போய்ப் பேசப்போகிறேன் அல்லவா!

வேடசந்தூரில் இறங்கி ஒட்டன்சத்திரம் ரோட்டில் ஏழு கிலோமீட்டர் ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "டீச்சருங்களா?" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "இந்த ரோட்டுல கைப்பையும் குடையுமா வந்தா டீச்சரு, பிள்ளைகளச் சேத்துவிட வருவாக. மஞ்சப்பையோட வந்தா அப்பன் ஆத்தா, கூட்டிட்டுப் போக வருவாக" என்றார். சிரித்துவிட்டேன்.

ஒன்பதே முக்காலுக்கு மில் கேட். பெயர் எழுதி, போனை வாங்கி வைத்துக்கொண்டு, அட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டி அனுப்பினார்கள். தரப் பிரிவு மேலாளர் ஒட்டன்சத்திரத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், மரியாதையான மனிதர். டீ வரவழைத்தார். நாகலட்சுமி சுவரோரம் நின்றாள். அவர் ஒரு ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"ஏனுங்க மேடம், இதப் பாருங்க. மூணு நாளு, மூணு மெஷினு. அதே அஞ்சு நம்பருங்க. வரிசைகூட மாறலீங்க."

துறை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நூலின் பருமனை நம்பரால் சொல்வோம். நம்பர் கூடினால் நூல் மெலிசு. குறிப்பிட்ட நீளம் நூலைச் சுற்றி எடுத்து எடை போட்டால் நம்பர் தெரிந்துவிடும். ஒவ்வொரு மெஷினுக்கும் ஐந்து தடவை இப்படிப் பார்த்து எழுத வேண்டும். அந்த மெஷின்களில் நாற்பதாம் நம்பர் நூல் ஓட வேண்டும். ஒன்றில் பல்சக்கரத்தை மாற்றிப் போட்டதில் முப்பத்தேழு ஓடியிருக்கிறது. ரிஜிஸ்டர் நாற்பது என்றது. நெசவு செய்கிறவர்கள் மொத்த நூலையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ரிஜிஸ்டரில் இருந்த நம்பர்கள் இவை: 39.8, 40.2, 40.1, 39.7, 40.2. கூட்டி ஐந்தால் வகுத்தால் சரியாக நாற்பது வரும். வரத்தான் செய்யும். நான் அப்படி வரும்படிதான் போட்டேன்.

ஆமாம், அவை என் நம்பர்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் லேபில் தராசு ரிப்பேருக்குப் போயிருந்தது. தேர்வு நெருங்கிவிட்டது. ரெக்கார்டு நோட்டில் எழுத ஏதாவது வேண்டுமே என்று, ஐந்து நம்பர்களைக் கற்பனையாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். தராசு அடுத்த மாதமே வந்துவிட்டது. ஆனால் அந்த நம்பர்கள் அண்ணன் நோட்டில் இருந்து தம்பி நோட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தன. அறுபது பிள்ளைகள், ஒரு மெஷின், இரண்டு மணி நேரம். நானும் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தேன். நான் படித்து முடித்த கையோடு பாடம் நடத்த வந்தவள். ஒருநாள்கூட மில்லில் வேலை பார்த்ததில்லை. நூற்புக்கு இது ஒரு சடங்கு என்றுதான் நானே நினைத்திருந்தேன் போலிருக்கிறது.

மேலாளர் கேட்டார்: "எடை போட்டுத்தான் எழுதோணும்னு காலேஜ்ல சொல்லித் தர்றதில்லீங்களா?"

எனக்குக் காது சுட்டது. என் வாய் எனக்கு முன்னால் பதில் சொல்லிவிட்டது. "சொல்லித்தான் கொடுத்தோம் சார். நல்லாவே சொல்லிக் கொடுத்தோம்."

அவர் நாகலட்சுமியைப் பார்த்தார். அவள் என்னைப் பார்க்கவில்லை. "ஆமா சார். மேடம் சொல்லிக்குடுத்தாக. நாந்தான் நேரமில்லைன்னு வரவேண்டிய நம்பரப் போட்டுட்டேன்" என்றாள்.

அவர் ரிஜிஸ்டரை மூடினார். "தெரியாமச் செஞ்சிருந்தா சொல்லிக்குடுத்து வெச்சுக்குவேனுங்க மேடம். தெரிஞ்சே பொய் எழுதுனா எப்படிங்க வெச்சுக்கறது? இன்னைக்கே கணக்கு முடிச்சிருலாங்க."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. இன்னும் ஒரு தடவை பார்க்கக்கூடாதா சார் என்று கெஞ்சினேன், அவ்வளவுதான். அவளைக் காப்பாற்றப் போனவள், என் பேரைக் காப்பாற்றிக்கொண்டு எழுந்தேன். சீ என்று ஆனது.

கேட் வரைக்கும் கூடவே வந்தாள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்க எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. அவளாகவே பேசினாள்.

"செகண்ட் இயர்ல நான் நெசமாவே எடை போட்டேன் மேடம். முப்பத்தெட்டு வந்துச்சு. நீங்க சிவப்பு மையில அடிச்சு, வரவேண்டியது நாப்பது, மாத்தி எழுதிட்டு வாங்கன்னீக. அதுக்கப்புறம் எடை போட்டதே இல்ல." சற்று நின்று, "பரவால்ல மேடம். பாத்துப் போங்க" என்றாள்.

எனக்கு நினைவே இல்லை. எத்தனை பேர் நோட்டில் அப்படி அடித்தேனோ!

பன்னிரண்டு பத்துக்கு வேடசந்தூர் வந்து திண்டுக்கல் பஸ்ஸில் உட்கார்ந்தேன். டிக்கெட்டும் எடுத்தாயிற்று. பஸ் நகர்ந்தபோது எழுந்து, "அண்ணே, நிறுத்துங்க" என்று கத்தினேன். "ஏறுறதுக்கு முன்னாடி யோசிக்கக் கூடாதாக்கா" என்று கண்டக்டர் விசில் ஊதினார். நியாயமான கேள்விதான். மறுபடி ஆட்டோ, மறுபடி முப்பது ரூபாய்.

மேலாளர் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தராசு, கரும்பலகை, பச்சை மை, சிவப்பு மை, காலையில் சொன்ன பொய் எல்லாவற்றையும். அவர் பிசைந்த சோற்றைத் தொடவில்லை.

"உங்க காலேஜ் பிள்ளைக இன்னும் மூணு பேரு இங்க இருக்கறாங்களே. அவங்களும் இந்த நோட்டுத்தானுங்களா?"

"ஆமா சார்."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "அதச் சொல்லியிருந்தா மொத நாளே நாங்க சொல்லிக்குடுத்திருப்போமில்லீங்க. தெரியாதுன்னு சொல்றதுல என்னங்க இருக்குது?" என்றார். திங்கள்கிழமை முதல் நான்கு பேருக்கும் இரண்டு வாரம் ஆரம்பத்தில் இருந்து பயிற்சி. நாகலட்சுமிக்கு ஆறு மாதம் மறுபடி முதல் நாளில் இருந்து எண்ணப்படும். ஆனால் வேலை உண்டு.

ஹாஸ்டலுக்கு ஓடினேன். அவள் பெட்டி கட்டி முடித்திருந்தாள். விஷயத்தைச் சொன்னதும், "இதக் காலையிலயே சொல்லிருக்கலாம்ல மேடம்! அப்பாவுக்குப் போன் பண்ணிட்டேனே" என்று அப்போதுதான் அழுதாள். திரும்பக் கூப்பிட்டோம். வண்டியில் வருகிறவர் எடுக்கவில்லை.

அவர் வரும்வரை கேட்டில் ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். உங்களுக்காகக் குறித்துவைத்தது இவ்வளவு. மில்லுக்குப் போவதாக இருந்தால் காலை பத்துக்குள் போய்விடுங்கள், அதன் பிறகு மேலாளர்கள் கையில் சிக்கமாட்டார்கள். போகவர எல்லாம் சேர்த்து நூற்றுப்பத்து ரூபாய் போதும், என்னைப்போல் இரண்டு தடவை போகாவிட்டால். சாப்பாடு கையோடு கொண்டுபோங்கள். வேலை இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால், நாங்கள் அனுப்பிய பிள்ளைகளுக்கு என்ன தெரியவில்லை என்று கேளுங்கள். முடிந்தால் லீவில் ஒரு வாரம் அங்கேயே நின்று வேலை செய்துவிட்டு வந்து பாடம் நடத்துங்கள். நான் மே மாதம் போகிறேன், மேலாளர் சரி என்றிருக்கிறார். லேபில் தப்பான விடை வந்தால் அடிக்காதீர்கள். ஏன் அப்படி வந்தது என்று தேடச் சொல்லுங்கள்.

இரண்டே முக்காலுக்கு அவள் அப்பா பழைய வண்டியில் வந்து இறங்கினார். சட்டையெல்லாம் புழுதி. "எங்கத்தா பெட்டி?" என்றார் மகளிடம்.

நான் முன்னால் போய்க் கைகூப்பினேன். வேலை போகவில்லை என்று சொன்னேன். "ஐயா, உங்க பொண்ணு மேல தப்பே இல்ல. எடை போடாமலே நம்பர் எழுதச் சொல்லிக்கொடுத்தது நான். சரியா எழுதினப்ப அடிச்சு மாத்தினதும் நான்தான்" என்றேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"சும்மா இருங்க டீச்சரம்மா. இம்புட்டுத் தூரம் வந்து, இவ வேலையக் காப்பாத்த நீங்க பழிய ஏத்துக்கிறீக. எனக்குப் புரியாதா?" மகள் பக்கம் திரும்பினார். "பாத்துக்க. உன்னால ஒரு டீச்சரு பொய் சொல்ல வேண்டியதாப் போச்சு. இருந்து ஒழுங்கா வேலையப் பாரு. மொதல்ல அவுககிட்ட மன்னிப்புக் கேளு."

நாகலட்சுமி என்னைப் பார்த்தாள். "மன்னிச்சிருங்க மேடம்" என்றாள்.

"ஐயா, நிஜமாவே நான்தான்" என்று மறுபடியும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார்.