எல்லாத் திரையிலும் ஒரே வரி

கம்ப்யூட்டர் மாநாட்டில் பயிற்சிக்கு வருகிறவர்கள் அவளை லேப் அக்கா என்பார்கள். அவர்கள் பழகிப் பார்க்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் எங்கோ தூரத்தில், இணையத்தின் வழியே எட்டும் கிளவுடில் இருந்தன; கூடத்தில் இருந்தவை வெறும் திரைகள். அவள் செய்துவைத்த ஒரே மூலத்தின் நகல்கள். ஒருவர் எழுந்து போனால் நகல் கரைந்துவிடும், அடுத்தவர் உட்கார்ந்தால் புதிதாக முளைக்கும். கனவு மாதிரிதான்.

அப்பேர்ப்பட்ட வேலையில் ஒரு அசட்டுத்தனம் செய்துவிட்டாள். மூலத்தைச் செய்யும்போது, ஞாபகத்துக்காக அதன் திரையிலேயே ஒரு வரியைத் தட்டிவைத்தாள். அதன்படி செய்யவும் மறந்தாள், அழிக்கவும் மறந்தாள்.

காலையில் கூடம் முழுக்க, ஒவ்வொரு திரையிலும் அந்த வரி மிதந்தது: ‘அம்மாவுக்குப் போன் பண்ணு.’

யாரும் புகார் சொல்லவில்லை. தலை நரைத்த ஒருவர் போனோடு சுவரோரம் போய், “சும்மாதாம்மா... சாப்பிட்டியா?” என்றார். அப்புறம் இன்னொருவர், இன்னொருவர். நீல வெளிச்சத்தில் கூடமே முணுமுணுத்தது.

“அக்கா, பேசிட்டேன். அடுத்த ஸ்டெப் என்ன?” என்று ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

வரியை அழிக்க வந்த லேப் அக்கா, அதை விட்டுவிட்டுத் தன் போனை எடுத்தாள்.

“இப்பத்தான் ஞாபகம் வந்துச்சாக்கும்?” என்றாள் அம்மா. “யாரு சொன்னா?”

“ஊரே சொல்லுதும்மா.”