பாதித் தவணை ஆட்சி

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று லண்டனில் மோர்டனிலிருந்து குரோய்டன் வரை எனக்கு டிரை கிளீனிங் கடைகள் இருக்கின்றன. எவரும் தூக்கித் தந்ததல்ல. தொழிலைப் பழகியது மட்டும் கோலியர்ஸ் வுட்டில், ஓர் இஸ்ரேல்காரரின் கடையில். எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் உடுப்புகளை இஸ்திரி போட்டு மினுக்குவேன். அவர் கல்லாவில் நின்று வானொலி கேட்பார்.

அவருடைய ஒரே மகன் இஸ்ரேல் பட்டாளத்தில் இருந்தான். லெபனானில் நிறுத்தியிருந்தார்கள். அந்த வருடம் அவர்கள் நாட்டில் தேர்தல். ஆட்சி மாறினால் பட்டாளம் திரும்பும், மகன் வீடு வருவான். அதைத்தான் அவர் நம்பியிருந்தார். ஆனால் இரண்டு பெரிய கட்சிகளில் எதற்கும் ஆட்சி அமைக்க ஆள் போதவில்லை. சின்னக் கட்சிகள் பேரம் பேசத் தொடங்கின.

இரண்டு பேரும் பேசியது அரைகுறை இங்கிலீஷ்தான். எனக்கு அது எங்கள் ஊர்ப் பேச்சாகவே நினைவிருக்கிறது.

“இண்டைக்கு இந்தப் பக்கம் எண்டுறான், நாளைக்கு அந்தப் பக்கம் எண்டுறான். என்ர பெடியன் அங்க நிக்கிறான்.”

“பெரியவங்கள் ரெண்டு பேரும் சேருவாங்கள், இருந்து பாருங்கோ முதலாளி. எங்கட ஊர்ப் பங்குக் கிணறு மாதிரி. கொஞ்ச நாள் அவன் இறைப்பான், கொஞ்ச நாள் இவன்.”

“உனக்கு அரசியல் தெரியுமோ?”

“கிணத்துச் சண்டை தெரியும்.”

சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

பேரம் வாரக்கணக்கில் இழுபட்டது. முடிவில் நான் சொன்னபடியே ஆனது: பாதித் தவணைக்கு ஒருவர் பிரதமர், மீதிக்கு மற்றவர். அன்று கடை பூட்டியிருந்தது. ஏதோ யூதப் பண்டிகை என்று நினைத்தேன். வீட்டில் டீவியில் செய்தியைக் கேட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மனைவி பயத்தம்பணியாரம் சுட்டு வைத்திருந்தாள்.

“கொண்டே குடுங்கோப்பா. மகன் வரப்போறானெல்லே.”

முதலாளி வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. வாசலில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைத் துணியால் மூடியிருந்தார்கள். பெயின்ற் அடிக்கப் போகிறார்களாக்கும் என்று எண்ணி, “நான் சொன்னனெல்லே!” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே உள்ளே போனேன்.

அறை நிறைய ஆட்கள். முதலாளி நிலத்தோடு பதிந்த முக்காலியில் இருந்தார். சேர்ட்டில் ஒரு சுருக்கம் விழ விடாத மனிதர். கழுத்துப் பட்டியைக் கிழித்து விட்டிருந்தார். மகனின் படம் மேசையில் இருந்தது. பேரம் முடிவதற்கு முதல்நாள் லெபனானில் செத்துப் போயிருக்கிறான்.

அவருடைய மனைவி எழுந்து வந்து பணியாரப் பெட்டியை வாங்கி, நன்றி சொன்னாள். சாவீட்டில் கண்ணாடியை மூடுவதும் உடுப்பைக் கிழிப்பதும் போலவே, சாப்பாடு கொண்டுபோவதும் அவர்கள் வழக்கமாம். எங்கள் ஆட்கள் சாவீட்டுக்கு இனிப்போடு போவதில்லை. சந்தோசத்துக்குக் கொண்டுவந்தது என்று எப்படிச் சொல்ல? வந்திருந்தவர்கள் ஆளுக்கொன்றாய் எடுத்து மெதுவாய்க் கடித்தார்கள். முதலாளியும் ஒன்று எடுத்தார்.

“ஓம், நீ சொன்னனிதான்” என்றார். “இனி ஆமி எப்ப வெளிக்கிடும்?”

“கெதியா, முதலாளி.”

அடுத்த வருடம் பட்டாளம் பின்வாங்கியது. கடைப் பின்னறையில் இருந்த சின்ன டீவியில் பட்டாளத்தார் ஏறிய லொறிகள் வரிசையாய் வந்தன. முதலாளி கிட்டப் போய் நின்று, ஒவ்வொரு லொறியாய் முகம் முகமாகப் பார்த்தார். மெஷினை நிற்பாட்டிவிட்டு நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். எனக்கு அந்தப் பெடியனின் முகம் படத்தில் பார்த்ததுதான். நானும் தேடினேன்.