கிணற்றில் விழுந்த குண்டன்

கப்பலேறி ஊருக்குப் போகிறவனைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். இதில் மறைக்க என்ன இருக்கிறது? செமோருக்கு அப்பால் இருந்த ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் டிரெசர். டாக்டர் மாதம் ஒருமுறை எட்டிப் பார்ப்பார். மற்ற நாளெல்லாம் காய்ச்சலுக்குக் கொய்னா மருந்து கொடுப்பதும் கட்டுப் போடுவதும் நான்தான். ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட ஊருக்குப் போகவில்லை. நான் லீவு கேட்கும்போதெல்லாம் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் காய்ச்சல் பரவிவிடும்.

ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணிக்கு அந்தத் தொல்லை இல்லை. மேஜைக்குக் காய்ச்சல் வருமா? இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பினாங்குக்கு ரயிலேறி, அங்கிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறிவிடுவார். திரும்பி வந்தால் ஒரு மாதம் கடல் கதைதான். "அப்படியா அண்ணே, அப்படியா அண்ணே" என்று கேட்டுக்கொண்டே உள்ளுக்குள் புகைவேன். ரயில் ஊதினால் போதும், அது பினாங்கு பக்கம் போகிறதா, ஈப்போ பக்கம் போகிறதா என்று என் காது தானே பிரித்துச் சொல்லிவிடும்.

அந்த முறை அவர் கிளம்புவதற்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை, தோட்டமே அவர் வீட்டுக்கு வழியனுப்பப் போனது. ஊரிலிருக்கும் சொந்தங்களுக்குக் கொடுக்கச் சொல்லி ஆளுக்கொரு சாமான். நான் போகவில்லை. போய் நின்று பல்லிளிக்க என்னால் முடியாது.

எனக்கு அன்று வேறு கவலையும் இருந்தது. துரைசாணி தன் பிள்ளைகள் பார்த்து முடித்த சீமைப் படக்கதைத் தாள்களை வாராவாரம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைப்பாள். தருமமாம்! பழைய தாளைத் தருமம் செய்ய யாருக்குத்தான் மனசு வராது என்று முதலில் எரிச்சல்தான் பட்டேன். ஆனால் கட்டில் கட்டிலாகப் போய்ப் படத்தைக் காட்டி, தெரிந்த இங்கிலீஷை வைத்துத் தமிழில் கதை சொன்னால், எழுந்து உட்கார முடியாதவர்கள்கூடச் சிரித்தார்கள். கொய்னாவை முகம் சுளிக்காமல் விழுங்கினார்கள்.

கடைசிக் கட்டிலில் பால்மரம் வெட்டும் பெண் ஒருத்தி கிடந்தாள். அவளுடைய நாலு மாதக் குழந்தையைக் காய்ச்சல் கொண்டுபோயிருந்தது. அவளுக்கும் அதே காய்ச்சல். வந்து எட்டு நாள் வரை பேச்சில்லை, சாப்பாடில்லை, சுவரையே பார்த்துக் கிடந்தாள். போன வாரக் கதையில் ஒரு குண்டன் வாளியோடு கிணற்றில் விழுந்தான். அதோடு தாள் முடிந்துவிட்டது. அப்போதுதான் அவள் திரும்பினாள்.

"எந்திரிச்சானா?" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை தாள் வரும். வந்ததும் சொல்றேன்" என்றேன். இரண்டு வாய் கஞ்சி குடித்தாள். அந்த வாரம் முழுக்க அப்படியே இரண்டு இரண்டு வாயாக ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தாள் வரவில்லை. அவள் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திங்கள் காலை பங்களாவுக்குப் போய்க் கேட்டேன். "சனிக்கிழமையே பெரிய கிராணிகிட்ட குடுத்தாச்சே, உங்களுக்குன்னு சொல்லித்தானே குடுத்தேன்" என்றார் சமையல்காரர். எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. சைக்கிளை மிதித்த மிதியில் செமோர் ஸ்டேஷன் வருவதற்குள் சட்டை பிழியப் பிழிய நனைந்திருந்தது.

பெரிய கிராணி புதுக் கோட்டுப் போட்டு, டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் படத்தாள் எங்கே?" என்றேன். அண்ணே வாயில் வரவில்லை.

"வெறுங் காகிதம்யா அது. சாமான் மடிக்கத் தாளு பத்தல, எடுத்துக்கிட்டேன்."

"பெட்டியைத் திற."

"ரயிலு வர்ற நேரத்துல என்ன இது? உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"அங்க ஒருத்தி சோறு தண்ணி இல்லாமக் கெடக்கிறா. திறக்கலன்னா பெட்டியோட தண்டவாளத்துல தூக்கிப் போட்டிருவேன்."

திறந்தார். நான் மண்டியிட்டுக் காப்பித்தூள், கருவாடு, சட்டைத்துணி என்று ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்துத் தாளை உருவினேன். அவர் தலைக்கு மேலிருந்து சொன்னார்: "நேத்து நீ வந்திருந்தா உன் கையிலேயே குடுத்திருப்பேன்ல? என் பயணம் உனக்குக் கண்ணுல குத்துது. அதான் வரல."

சுருக்கென்றது. பொய் சொல்கிறவன் மேல் இவ்வளவு கோபம் வராது. அவர் சொன்னது நிஜம். என் பொறாமைக்குத்தான் அவள் ஒருநாள் பட்டினி கிடந்தாள். தாள்களை மடித்துக்கொண்டு திரும்பினேன்.

குண்டன் இருந்த தாள் தலைக்கு வைக்கும் எண்ணெய்ப் புட்டியைச் சுற்றியிருந்திருக்கிறது. கடைசிப் படம் முழுக்க எண்ணெயில் ஊறிக் கலங்கிப்போயிருந்தது. கட்டிலருகே போய் நின்றேன். கதை கட்டியிருக்கலாம். என் மேலேயே எனக்கிருந்த ஆத்திரத்தில் அதுவும் வரவில்லை.

"எண்ணெய் பட்டுப் போச்சும்மா. என்ன ஆச்சுன்னு தெரியல. என் தப்புதான்."

அவள் தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"காலு கெணத்துக்கு வெளிய தெரியுது பாருங்க. எந்திரிச்சிட்டான்" என்றாள். பிறகு, "கஞ்சி இருக்கா?" என்றாள்.

அடுப்படிக்கு ஓடினேன். எங்கோ ரயில் ஊதியது. அது எந்தப் பக்கம் போகிற ரயில் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.