ஒரு பந்தும் இருபது பந்தும்

செசீலியாவுக்குப் பயிற்சியாளர் நியமனம் கிடைக்காததற்குக் காரணம் ஒரு தாள். புள்ளி எண்ணி அதை எழுதியவன் நான். மற்றத் தாளையும் நான்தான் எழுதினேன். அதை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை.

செசீலியா கல்குடாவைச் சேர்ந்தவர். 2004 டிசம்பரில் கடல் வந்தபோது வீடும் போயிற்று, பள்ளிக்கூடத்து விளையாட்டுச் சாமான்களும் போயின. அடுத்த பெப்ரவரியில் அகதி முகாமுக்குப் பக்கத்து வெளியில் தென்னங்குற்றியொன்றை நட்டு, சின்னச் சைக்கிளின் றிம்மை அதில் வளையமாகப் பொருத்தி, பதினொரு பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்தாட்டம் பழக்கத் தொடங்கினார். பந்து ஒன்றே ஒன்று. ஒருத்தி எறிந்த பந்தை யார் எங்கே பிடிக்கிறாளோ, அவள் அங்கிருந்தே அடுத்ததை எறிய வேண்டும்.

“ஒரே இடத்தில நிண்டு எறிஞ்சாப் பழகலாம்தானே ரீச்சர்?” என்றாள் அவர்களில் ஒருத்தி, உசாந்தி.

“எதிரணியோட மெச்சில உன்ன ஆர் புள்ள ஒரே இடத்தில நிக்க விடுவா? மாமியாரா?”

நாலரை ஆண்டுகள் தொண்டராகவே பழக்கினார். யுத்தம் முடிந்த 2009இல், ஒரு நிறுவனம் இந்தப் பகுதிக்கு ஒரு பயிற்சியாளரை நியமிக்க வந்தது. நகரத்திலிருந்து பிறின்ஸ் என்பவரும் விண்ணப்பித்தார். இருவருக்கும் புதிதாகப் பத்துப் பத்துப் பிள்ளைகளைக் கொடுத்து, நான்கு வாரம் பழக்கச் சொன்னார்கள். செசீலியாவிடம் அதே ஒரு பந்து. பிறின்ஸிடம் இருபது பந்துகள் இருந்தன. கம்பத்துக்கு நேரே, ஆறடியில், ஆளுக்கு நாளொன்றுக்கு ஐம்பது எறிதல்.

ஓகஸ்ட் 29 சோதனை. அதுவும் கம்பத்துக்கு நேரே, ஆறடியில்! ஆளுக்குப் பத்து எறிதல். பிறின்ஸின் பிள்ளைகள் நூறில் 74. செசீலியாவின் பிள்ளைகள் 51. நிறுவன அதிகாரி அந்த இடத்திலேயே பிறின்ஸின் கையைக் குலுக்கினார்.

“மெச்சையும் பாத்துட்டு முடிவு எடுங்க சேர்,” என்றார் செசீலியா.

“எல்லாருக்கும் ஒரே சோதனைதானே மிஸ்.”

செப்டெம்பர் 13, சித்தாண்டி மைதானத்தில் அதே இரு அணிகளும் மெச்சில் மோதின. இடையில் எவருக்கும் பயிற்சி இல்லை. பிறின்ஸின் அணி 38 எறிந்து 12 போட்டது. செசீலியாவின் அணி 41 எறிந்து 27. பழகிய இடத்தில் நிற்காமல் எறியப் பிறின்ஸின் பிள்ளைகளுக்குக் கை வரவில்லை. பந்தை மூன்று விநாடிக்கு மேல் வைத்திருந்ததற்காக ஒன்பது தரம் விசில் ஊதப்பட்டது.

அந்தப் புள்ளித் தாளை அதிகாரியிடம் கொண்டுபோனேன்.

“கோப்பு மூடியாச்சு ஐயா. மறுகா வந்த புள்ளியைச் சேர்க்க ஏலாது.”

“பழக்கினது மெச்சுக்கா, உங்கட கோப்புக்கா?”

“இந்த வயசில இவ்வளவு கோபம் கூடாது ஐயா,” என்று சிரித்தார்.

எனக்கு இன்னும் ஆறவில்லை. செசீலியாவிடம் சொன்னபோது, அவர் என்னையும் விடவில்லை.

“எழுவத்துநாலு எண்டு எண்ணினது நீங்கதானே?”

“ஓம். எண்ணினதில பிழை இல்ல.”

“மெச்சுக்கு முதல் ஏன் எண்ணினீங்க?”

அதன் பிறகு, ‘புள்ளிகள் சரி’ என்று கையொப்பம் கேட்டு இறுதி அறிக்கை மூன்று தரம் வந்தது. மூன்று தரமும் ஒப்பமிடாமல், இரண்டாவது தாளை இணைத்துத் திருப்பி அனுப்பினேன். நியமனம் மாறவில்லை.

செசீலியா இப்போது தையல் ஆலைக்குப் போகிறார். அவருடைய தென்னங்குற்றிக்கு நேரே, ஆறடியில், பிறின்ஸிடம் பழகும் பிள்ளைகள் வரிசையாக நின்று எறிந்து எறிந்து மண்ணில் குழி விழுந்திருக்கிறது. அளந்து பார்த்தேன். நாலு விரல் ஆழம்.